கல்லில் செதுக்கிய சட்டை

என் அண்ணன் தாலிபோர் செர்பியத் தேசியக் கால்பந்து அணிக்காக ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை. இருந்தாலும் வெர்பிட்சா ஊர்க் கல்லறைத் தோட்டத்தில், எங்கள் அம்மாவின் கல்லில், அந்த அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு அவன் பல வருடம் நின்றான். அப்போது அவன் உயிரோடுதான் இருந்தான். இப்போதும் இருக்கிறான்.

உயிரோடு இருப்பவர்களைக் கல்லில் செதுக்குவது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. மனைவி போய்விட்டால் கணவனையும் சேர்த்துச் செதுக்கி, அவர் பிறந்த வருடத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, மீதியைக் காலியாக விட்டுவிடுவார்கள். அப்புறம் நேரம் வரும்போது அந்த இடத்தை நிரப்பினால் போதும். வெளிநாட்டில் வேலை பார்த்தவர்கள் தாங்கள் வாங்கிய காரையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்வதுண்டு. ம்லாவா ஆற்றின் இரண்டு கரையிலும் ஊர்களைவிடக் கல்லறைத் தோட்டங்கள்தான் பளபளவென்று இருக்கும். ஆனால் கல்யாணம்கூட ஆகாத ஒரு பையனை அங்கே யாரும் செதுக்கியதில்லை. அதை எங்கள் அப்பா ஷிவோத்தா செய்தார்.

அப்பா கட்டட வேலைக்காக வியன்னாவுக்குப் போனவர். சுவர் பூசுவார், சாரம் கட்டுவார். அம்மா லியூபிங்கா அலுவலகங்களைத் துடைத்தாள். நாங்கள் இரண்டு பேரும் அங்கே பிறந்தோம், அங்கே படித்தோம். வாரநாட்களில் ஜெர்மன் பள்ளிக்கூடம்; சனிக்கிழமை காலையில் தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த கூடத்தில் எங்கள் மொழி எழுத்து. கோடை விடுமுறைக்குக் காரில் சாமான்களை அடைத்துக்கொண்டு ஹங்கேரி வழியாக வெர்பிட்சாவுக்கு வருவோம். அங்கே அப்பா ஒவ்வொரு கோடையிலும் வீட்டில் ஒரு மாடி ஏற்றிக்கொண்டிருந்தார்.

தாலிபோர் தடுப்பாட்டக்காரன் ஆனது உயரத்தால்தான். தெருவில் எல்லாருக்கும் கோல் போட ஆசை. பின்னால் நிற்க ஆள் கிடைக்காது. இவனை நிற்க வைத்தார்கள், இவனும் முகம் சுளிக்காமல் நின்றான். பத்து வயதில் பக்கத்துக் கிளப், பதினான்கில் பெரிய கிளப்பின் பயிற்சிப் பள்ளி. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு அப்பா சுண்ணாம்பு படிந்த கால்சட்டையோடு வந்து கோட்டோரம் நின்று எங்கள் மொழியில் கத்துவார். மற்றப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் இரண்டடி தள்ளி நிற்பார்கள்.

பதினேழு வயதில் ஆஸ்திரியா இளைஞர் அணியிலிருந்து வீட்டுக்குப் போன் வந்தது. அண்ணன்தான் எடுத்தான். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"யாரு?"

"கோச் பேசினாரு. அவங்க நாட்டு டீமுக்கு வரச் சொல்றாங்க."

"நீ என்ன சொன்ன?"

"அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன்னேன்."

"கேட்டுட்டல்ல. முடிஞ்சுது."

அம்மா மட்டும் வாய் திறந்தாள். "அவன் பொறந்தது இங்கதானேங்க."

"பொறந்தது ஆஸ்பத்திரியில. அதுக்காக டாக்டர் வீட்டுப் பிள்ளையாயிடுவானா?" என்றார் அப்பா. "ஆடினா நம்ம சட்டையில ஆடட்டும். இல்லாட்டி சாரம் கட்ட வரட்டும்."

பதினெட்டு முடிந்ததும் அவன் பெல்கிரேடின் ஓரத்தில் இருந்த ஒரு முதல் பிரிவுக் கிளப்புக்குப் போனான். வியன்னாவில் எங்களைத் தெற்கத்திப் பயல்கள் என்று கேவலமாகச் சொல்ல ஒரு சொல் உண்டு. இங்கே வந்ததும் உடைமாற்றும் அறையில் அவனுக்கு 'ஜெர்மன்காரன்' என்று பெயர் வைத்தார்கள். பயிற்சிக்கு முன்கூட்டியே வந்து நின்றால் சிரித்தார்கள். வண்டியே இல்லாத தெருவில் சிவப்பு விளக்குக்குக் காத்து நின்றால் சிரித்தார்கள். முதல் வருடத்தில் ஓர் ஆட்டத்தில் பந்து யார் காலில் பட்டு வெளியே போனது என்று நடுவர் குழம்பி நின்றார். இவன் கையைத் தூக்கி, "என் கால்ல பட்டுதுங்க" என்றான். எதிரணிக்கு மூலை உதை கிடைத்தது. அதிலேயே கோலும் விழுந்தது.

கிளப்பின் உடல்வைத்தியர் க்வோஸ்தென் அன்றைக்கு அவன் கணுக்காலுக்குக் கட்டுப் போட்டபடியே சொன்னார்: "டேய் ஜெர்மன், உன்னை யாராவது கேட்டாங்களா? நடுவருக்குக் கண்ணு தெரியலைன்னா அது கடவுள் நமக்குக் குடுக்கிறது. நீ போய் அதைத் திருப்பிக் குடுத்துட்டு வர்ற."

"பட்டுதேண்ணே."

"பட்டுதுதான். உன் கல்யாணத்துல பாதிரியார் முன்னாடி சொல்லு, அங்க உண்மை பேசலாம்."

ஆனாலும் அவனை வெளியே உட்கார வைக்க முடியவில்லை. அவன் வேகக்காரன் இல்லை. பந்து எங்கே வரும் என்று முன்பே தெரிந்துகொண்டு அங்கே போய் நிற்பான். எதிரணி முன்கள ஆட்டக்காரர்கள் அவனைப் பார்த்து எரிச்சலடைவார்கள். அவன் யாரையும் இடித்துத் தள்ளியதே இல்லை, வழியில் நின்றான், அவ்வளவுதான். இருபத்திரண்டு வயதில் அவன் இல்லாமல் அந்த அணி ஆடுவதில்லை என்றாகிவிட்டது.

அந்த வருடம் பிப்ரவரியில் அம்மா இறந்தாள். கணையத்தில் கட்டி. வைத்தியம் வியன்னாவில் பார்த்தோம், புதைத்தது வெர்பிட்சாவில். எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான். பெட்டிக்குள் படுத்தாவது ஊருக்கு வந்துவிடுவார்கள். முதல் வருடம் மரச் சிலுவை. வருட நினைவு விருந்துக்கு முன்னால் கல் நட்டுவிட வேண்டும்.

நவம்பரில் அப்பா அதற்காக லீவு போட்டு வந்தார். பக்கத்து நகரமான பெட்ரோவாட்ஸுக்குப் போகும் சாலையில் போரிவோயே என்பவரின் கல் பட்டறை. அந்தச் சுற்று வட்டாரத்தில் முகம் செதுக்க அவரை விட்டால் ஆள் இல்லை. பளபளப்பாக்கிய கருங்கல்லில் ஊசி முனையால் குத்திக் குத்தி, சாம்பல் புள்ளிகளாகவே முகத்தைக் கொண்டுவருவார். அப்பா அம்மாவின் படங்களைப் பரப்பி வைத்து எது நல்லது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது தாலிபோரின் போன் வந்தது.

தேசிய அணிக்கு அழைப்பு. ஜனவரியில் வளைகுடாவில் ஒரு நட்பு ஆட்டம். வெளிநாட்டுக் கிளப்புகளில் ஆடும் பெரிய ஆட்கள் வரமாட்டார்கள் என்பதால் உள்நாட்டு லீக்கில் ஆடுபவர்களை மட்டும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அதில் அவனும் ஒருவன்.

அப்பா கையிலிருந்த படத்தைக் கீழே வைத்துவிட்டு, "சட்டையில என்ன நம்பர்?" என்று கேட்டிருக்கிறார்.

"அதெல்லாம் இன்னும் தெரியாதுப்பா. எப்பவும் போல அஞ்சுதான் கேட்பேன்."

"சரி, அஞ்சு" என்று போனை வைத்துவிட்டார்.

அது எதற்கு என்று அண்ணன் கேட்கவில்லை. எனக்கும் தெரியாது. பிற்பாடு விதோயே சித்தப்பா சொல்லித்தான் எல்லாம் தெரிந்தது. அப்பாவின் தம்பி அவர். ஊரைவிட்டு எங்கும் போகாதவர், வாயும் ஓயாதவர். தேசியச் சட்டையில் தாலிபோரின் படம் ஒன்றுகூட அப்பாவிடம் கிடையாது. அவன் இன்னும் அதைப் போட்டே பார்க்கவில்லையே. அப்பா பெட்ரோவாட்ஸ் சந்தையில் ஒரு நகல் சட்டையை வாங்கி சித்தப்பாவுக்குப் போட்டுவிட்டு, பட்டறைச் சுவரோரம் நிறுத்திப் படம் எடுத்தார்.

"நெஞ்சை நிமிர்த்துடா."

"நிமிர்த்தினா வயிறு வருதுண்ணே."

"அப்ப மூச்சை இழு."

"எவ்வளவு நேரம் இழுக்க? அந்தாளு செதுக்கி முடிக்கிற வரைக்குமா?"

போரிவோயே வயிற்றைச் சீவித் தள்ளி, தோளை அகலமாக்கி, மேலே தாலிபோரின் தலையை வைத்தார். அம்மாவின் படத்தில் அவள் கை ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தது. நாற்காலியை எடுத்துவிட்டு அந்தக் கையை மகனின் தோள்மேல் வைத்தவரும் அவர்தான். மறுபக்கம் அப்பா, கோட்டும் டையுமாக. நடுவில் அம்மா. மூன்று பேருக்கும் பெயர், பிறந்த வருடம். அம்மாவுக்கு மட்டும் இரண்டு வருடங்கள். தாலிபோரின் பெயருக்குக் கீழே 'தேசிய அணி வீரர்' என்று ஒரு வரி.

டிசம்பர் கடைசி ஆட்டத்துக்கு முன்பே அவன் வலது முட்டி வீங்கியிருந்தது. ஓய்வு எடுத்தால் ஜனவரிக்குள் சரியாகிவிடும் என்று க்வோஸ்தெனே சொன்னார். ஆனால் அந்த ஆட்டத்தைப் பார்க்க பெல்ஜியத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள், தேசிய அணிக்குத் தேர்வானவனை நல்ல விலைக்கு விற்றுவிடலாம் என்று கிளப் தலைவர் கணக்குப் போட்டிருந்தார். அவர் உடைமாற்றும் அறைக்கே வந்துவிட்டார்.

"ஜனவரியில நாட்டுக்கு ஆடப் போறவன், டிசம்பர்ல உனக்குச் சோறு போட்டவனுக்கு ஆட மாட்டியா?"

"முட்டி வீங்கியிருக்குங்க."

"வீங்காத முட்டியோட எவன் ஆடறான்? க்வோஸ்தென், என்னமோ பண்ணு."

தலைவர் போனதும் க்வோஸ்தென் ஊசியை எடுத்தார். அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "சாயங்காலம் வரைக்கும் உனக்கு முட்டின்னு ஒண்ணு கிடையாதுன்னு நினைச்சுக்க" என்றார்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வியன்னாவில் வளர்ந்தவன், அங்கே இருந்திருந்தால் சொல்லியிருப்பான் என்று நினைக்கிறேன். இங்கே ஏற்கெனவே அவனை ஜெர்மன்காரன் என்றார்கள். நோகாமல் வாழ வந்தவன் என்று இன்னொரு பேர் வேண்டாம் என்று நினைத்தானோ என்னவோ. ஆடினான். இரண்டாம் பாதியில் பக்கத்தில் யாரும் இல்லை, யாரும் அவனைத் தொடவும் இல்லை. திரும்பினான், உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. வலிக்கவே இல்லையாம். கீழே உட்கார்ந்து, கால் ஏன் அந்தப் பக்கம் பார்க்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தானாம்.

வளைகுடாவுக்கு வேறொருவன் போனான்.

பிப்ரவரியில் அம்மாவின் வருட நினைவு. கல்லறைக்குப் பக்கத்திலேயே நீள மேசை போட்டு, வேகவைத்த கோதுமையும் மீனும் ஊறுகாய் முட்டைக்கோஸும் பரப்பியிருந்தோம். பனி முழுதாக உருகவில்லை. தாலிபோர் ஊன்றுகோல்களோடு சேற்றில் ஏறி வந்தான். கல்மேல் ஒரு போர்வை கிடந்தது. பாதிரியார் முடித்ததும் அப்பா போர்வையை இழுத்தார்.

ராக்கியாச் சாராயம் ஊற்றிய கோப்பைகளைக் கையில் வைத்திருந்தவர்கள், செத்தவளுக்கென்று முதல் துளிகளை மண்ணில் சாய்த்துவிட்டுக் குடிக்கவேண்டும். அதைச் செய்யவும் மறந்து நின்றார்கள். பக்கத்து வீட்டு ஸ்மில்யா அத்தை மட்டும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். "உயிரோட இருக்கற புள்ளைய… ஷிவோத்தா, உனக்குப் புத்தி இருக்கா?"

பின்னாலிருந்து யாரோ ஒருவன், "கல்லுல இருக்கறவனுக்கு ரெண்டு காலும் நல்லாத்தான் இருக்கு" என்றான். சிலர் சிரித்தார்கள்.

சித்தப்பா அண்ணனின் காதோடு, "வருத்தப்படாதடா, அந்த உடம்பு என்னோடது. செத்தாலும் நான்தான் சாவேன்" என்றார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அது.

தாலிபோர் சிரிக்கவில்லை. கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். "இதை எடுத்துடுங்க" என்றான்.

போரிவோயேயும் விருந்துக்கு வந்திருந்தார். அவர்தான் பதில் சொன்னார். "தம்பி, இது சுவர் இல்ல, மேல வெள்ளையடிக்க. உன்னை எடுக்கணும்னா மொத்த முகப்பையும் இழைச்சு இறக்கணும். உங்கம்மாவும் போயிடுவா."

"என்னை மட்டும் எடுக்க முடியாதா?"

"அவ கை உன் தோள்ல இருக்கே. நான் எங்க நிறுத்தறது? அவ மணிக்கட்டுலயா? முழங்கையிலயா?"

"புதுக் கல்லு வைக்கலாம்."

"அவளை ரெண்டாவது தடவை தோண்ட விடமாட்டேன்" என்றார் அப்பா. பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "முட்டி ஆறிடும். அடுத்த ஜனவரி வரும். ஒரு நிமிஷம் ஆடினாப் போதும், எழுதினது உண்மையாயிடும்" என்றார்.

அதற்குப் பிறகு அந்த ஒரு நிமிடம்தான் எங்கள் வீட்டில் பேச்சு.

வியன்னாவில் அறுவைச் சிகிச்சை நடந்தது. நன்றாக ஆறும் முன்பே அவன் திரும்பிப் போனான். பழைய கிளப் அவன் இடத்தில் வேறு ஆளை வைத்துவிட்டது. பெல்ஜியத்துக்காரர்கள் மறுபடி போன் செய்யவே இல்லை. தெற்கே ஒரு இரண்டாம் பிரிவுக் கிளப். அப்புறம் பொஸ்னியாவில் ஒரு மலையூர். ஒரு குளிர்காலம் கஜகஸ்தானில், பிளாஸ்டிக் புல்லின் மேல். அங்கிருந்து அவன் அனுப்பிய படங்களில் எப்போதும் முட்டியில் ஐஸ் பை இருக்கும், முகம் இருக்காது. அழைப்பு வரும் மாதமான நவம்பர் வந்தால் போனைச் சட்டைப்பையிலிருந்து மேசைக்கு மாற்றி வைத்துக்கொள்வான். டிசம்பர் பிறந்ததும் மறுபடி பையில் போட்டுக்கொள்வான். கோடையில் வெர்பிட்சாவுக்கு வந்தால் கடைக்குப் போகும் வழியில், "வாங்க தேசிய வீரரே, எப்போ ஆட்டம்?" என்று கேட்பார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. அவனும், "கூப்பிட்டா போகவேண்டியதுதான்" என்பான்.

இரண்டாவது முறை அதே முட்டியின் தசைநார் கிழிந்தபோது, வியன்னா மருத்துவமனையில் நானும் கூட இருந்தேன். அப்பாவின் ஜெர்மன் கட்டட வேலைக்குப் போதும், வைத்தியத்துக்குப் போதாது. அண்ணனை மொழிபெயர்க்கச் சொன்னால் அவன் பாதியை மறைத்துவிடுவான் என்று அப்பாவுக்குத் தெரியும். அதனால் நடுவில் என்னை உட்கார வைத்தார். மருத்துவர் இளவயதுப் பெண். நிதானமாகச் சொன்னாள். நான் அப்படியே சொன்னேன்.

"இன்னொரு தடவை கிழிஞ்சா தைக்கறதுக்கு எதுவும் மிச்சம் இல்லையாம்பா. குருத்தெலும்பு ஏற்கெனவே தேஞ்சுபோச்சு. அப்புறம் தொடை எலும்பையும் கீழ் எலும்பையும் சேர்த்து நேரா இறுக்கறதுதான் வழியாம். கால் மடங்காது."

"எத்தனை மாசத்துல ஓடுவான்னு கேளு."

நான் கேட்டேன். அந்தப் பெண் அப்பாவைப் பார்க்காமல் என்னையே பார்த்தாள். தாலிபோர் கட்டிலில் இருந்தபடி ஜெர்மனிலேயே, "விடுங்க, அவருக்குப் புரியாது" என்றான். அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் காரில் நான் அவனிடம் பேசினேன். அப்பா கீழே இறங்கிச் சிகரெட் வாங்கப் போயிருந்தார்.

"போதும்ணா. விட்டுடு."

"விட்டுட்டா அது பொய்யாயிடும்."

"இப்பவும் பொய்தான்."

"இப்ப இன்னும் நடக்கலைன்னு சொல்லிக்கலாம். விட்டுட்டேன்னா பொய்." அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். "அம்மா ஒரு பொய்யன் தோள்மேல கை வெச்சுக்கிட்டு நிப்பா, யாஸ்னா. எப்பவும்."

அவன் வெறும் கல்லுக்காகக் காலைத் தொலைத்தான் என்று ஊரில் சொல்வார்கள். அது சரியில்லை. அவன் பதினேழு வயதில் ஒரு சட்டையை வேண்டாம் என்றவன். இன்னொரு சட்டை கிடைக்கும் என்று சொல்லித்தான் அதை அவனிடமிருந்து வாங்கினார்கள்.

கடைசி இரண்டு வருடம் எங்கள் பகுதியிலேயே ஒரு சிறு ஊர் அணிக்கு ஆடினான். மூன்றாம் பிரிவு. அங்கிருந்து தேசிய அணிக்கு யாரையும் எடுக்கமாட்டார்கள். அது அவனுக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். அதை யாரும் வாயால் சொல்லவில்லை. அப்பா ஓய்வு பெற்று வெர்பிட்சாவின் அந்தப் பெரிய வீட்டுக்கே வந்துவிட்டார். ஒவ்வொரு ஞாயிறும் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இங்கே எல்லாரும் கத்தினார்கள். அப்பாதான் கத்துவதை நிறுத்தியிருந்தார்.

அக்டோபரில் பக்கத்து ஊரோடு ஆட்டம். வேலியோரம் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு நின்ற பயல்கள் ஆரம்பத்திலிருந்தே அவனை விடவில்லை.

"ஏய் அஞ்சாம் நம்பர், கல்லறைத் தோட்டத்துல உன்னைப் பார்த்தேன்டா!"

"கல்லா இருக்கறப்போ நல்லா ஆடறான். இங்க வந்தா நகர மாட்டேங்கறான்."

"மெதுவா, மெதுவா. காலி இடத்துல வருஷம் எழுதிடப் போறாங்க."

தாலிபோர் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. இடைவேளையில் அப்பா வேலிக்குள் கை நீட்டித் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். "வெளியில வந்துடு" என்றார். வாழ்க்கையில் முதல் தடவை அப்படிச் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன், காதால் கேட்டேன்.

அண்ணன் குடித்துவிட்டுப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தான். "இன்னும் பாதி இருக்குப்பா."

ஒரு சாதாரண உயரப் பந்து. குதித்தான், தலையால் அடித்தான், இறங்கினான். இந்தத் தடவை ஊசி போட்டிருக்கவில்லை. வேலியோரத்தில் விதை கொறித்தவர்களுக்கும் அந்தச் சத்தம் கேட்டது.

வியன்னாவில் அதே மருத்துவர்தான் எலும்புகளைச் சேர்த்து இறுக்கினாள். முப்பது வயது ஆகவில்லை. வலது கால் இடுப்பிலிருந்து குதிகால் வரை ஒரே கட்டை. நின்றால் தெரியாது. உட்கார்ந்தால்தான் தெரியும்.

வசந்தத்தில் அவனைக் காரில் வெர்பிட்சாவுக்கு அழைத்து வந்தேன். வந்த மறுநாள் காலையில் அப்பா வீட்டில் இல்லை. முற்றத்தில் இருந்த ஜெனரேட்டரும் தள்ளுவண்டியும் இல்லை. கொஞ்ச நேரத்தில் மேட்டின்மேல் கல்லறைத் தோட்டத்திலிருந்து கல் அறுக்கும் கிரைண்டரின் சத்தம் கேட்டது. அப்பா முப்பது வருடம் வியன்னாவில் பிடித்த கருவி அது. எங்களுக்கு அந்தச் சத்தம் தெரியும்.

விதோயே சித்தப்பா மூச்சிரைக்க வாசலுக்கு வந்தார். "பாப்பா, உங்கப்பன் கல்லை அறுக்கறான். நான் சொன்னா, போடாங்கறான். வாங்க சீக்கிரம்."

"வண்டியை எடு" என்றான் தாலிபோர்.

நாங்கள் போவதற்குள் முடிந்துவிட்டது. ஜெனரேட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கிரைண்டரைக் காலடியில் வைத்துவிட்டு நின்றார். முடி, புருவம், கோட்டு எல்லாம் வெள்ளைத் தூசி. தாலிபோர் இருந்த இடத்தில் கரடுமுரடாக ஒரு சாம்பல் பள்ளம். தலை இல்லை, சட்டை இல்லை, ஐந்து இல்லை, அந்த வரியும் இல்லை. பள்ளத்தின் விளிம்பு அம்மாவின் பக்கம் வளைந்து போயிருந்தது. அவள் கை முழங்கைக்குக் கீழே இல்லை. கன்னத்திலும் ஒரு கீறல் ஓடியிருந்தது. சக்கரம் ஒருமுறை துள்ளியிருக்க வேண்டும்.

நான் போய் ஜெனரேட்டரை நிறுத்தினேன்.

"கையை விட்டுட்டு உன்னை மட்டும் எடுக்கலாம்னுதான் பார்த்தேன்" என்றார் அப்பா. "வரலை."

தாலிபோர் கல்லறையோரப் பெஞ்சில் உட்கார்ந்தான். உட்காருவது அவனுக்கு ஒரு வேலை. ஒரு கையைப் பெஞ்சில் ஊன்றி, காலை முன்னால் நீட்டி, மெதுவாக இறங்கவேண்டும். அப்பா அதை முழுதாகப் பார்த்தார்.

"இதை முன்னாடியே செஞ்சிருக்கலாமேப்பா."

"அப்ப நீ ஆடிடுவேன்னு நம்பினேன்."

"நானும்தான்" என்றான் அண்ணன்.

சித்தப்பா தொப்பியைக் கழற்றிப் பெஞ்சின் ஓரத்தில் வைத்தார். தள்ளுவண்டியை இழுத்து வந்து ஜெனரேட்டரை ஏற்றினார். அப்பா அம்மாவின் முகத்திலிருந்த தூசியைத் தன் கோட்டுக் கையால் துடைத்தார். கீறல் போகவில்லை. இன்னொரு முறை துடைத்தார்.

போரிவோயே வந்து பார்த்துவிட்டு, இதில் இனி ஒன்றும் செய்ய முடியாது, புதுக் கல் வேண்டுமானால் சொல்லுங்கள் என்றார். அப்பா சொல்லவில்லை.

ஜூனில், இறந்தவர்களை நினைக்கும் சனிக்கிழமை வந்தது. வழக்கம்போல மேசை போட்டோம். வழக்கத்தைவிடக் குறைவான ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களும் கல்லுக்கு முதுகு காட்டி உட்கார இடம் தேடினார்கள். ஸ்மில்யா அத்தை கோதுமைக் கிண்ணத்தைச் சுற்றி அனுப்பினாள். யாரும் யாரையும் தேசிய வீரரே என்று கூப்பிடவில்லை. அண்ணனை மேசையின் ஓரத்தில் உட்கார வைத்தோம். அங்கேதான் காலை நீட்ட இடம் இருந்தது. நடைவழியில் அது குறுக்காகக் கிடந்தது. மீன் தட்டோடு வந்த பெண்கள் கொஞ்சம் நின்று, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதைத் தாண்டிப் போனார்கள். அப்பாவும் ராக்கியாப் பாட்டிலோடு அந்த வழியாகத்தான் வரவேண்டியிருந்தது. அவர் தாண்டவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு முறையும் சுற்றிக்கொண்டுதான் வந்தார்.